வெள்ளைப்பூ வந்த பள்ளிக்கூடம்

என் சின்னம்மா மாதம்மாவுக்குச் சாமி மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பூ கேட்காமல் ஒரு காரியமும் செய்யமாட்டாள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி இலையில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது. எங்கள் ஊரான மார்டள்ளிப் பக்கம் கல்யாணம், கிணறு, கோர்ட் கேஸ் எல்லாமே இப்படித்தான் முடிவாகும்.

மைசூருக்கு வந்த பிறகும் சின்னம்மா அந்த வழக்கத்தை விடவில்லை. சித்தப்பா ஜடையனைக் கட்டிக்கொண்டது வெள்ளைப்பூ. பிழைக்க இங்கே வந்தது வெள்ளைப்பூ. சென்டரிங் வேலையில் சித்தப்பா சாரத்திலிருந்து விழுந்தபோது ஆபரேஷன் வேண்டாம் என்று வந்ததும் வெள்ளைப்பூதான். அவருடைய இடது கை இன்றைக்கும் மடங்காது. அதற்காக அம்மனை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

பூ கேட்காமல் அவள் எடுத்த முடிவு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது நான். ஊரில் என் அப்பா அம்மாவுக்கு மானாவாரிக் காடு, மழை இல்லை. பையன் மைசூரில் தங்கச்சி வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று அம்மா அனுப்பினாள். பஸ் வந்தது, நான் வந்தேன், படிப்பு மட்டும் வரவில்லை. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். இப்போது தண்ணீர் கேன் போடுகிறேன். மற்ற நேரங்களில் தெருவில் யாருடைய செருப்பு யார் வீட்டு வாசலில் இருக்கிறது என்பது என் பொறுப்பு.

சின்னம்மா வேலை பார்ப்பது ஊதுபத்திக் கம்பெனியில். வீடுகளில் உருட்டி வருகிற கருப்புப் பத்தியை எடை போட்டு வாங்கி, வாசனைத் தைலத்தில் முக்கிக் காயவைத்துக் கட்டுவது அவள் வேலை. சாயங்காலம் அவள் சந்துக்குள் நுழைந்தால் கோவிலே செருப்பு மாட்டிக்கொண்டு நடந்து வருகிற மாதிரி இருக்கும். குளித்தாலும் போகாது. ரேஷன் கடைப் பாட்டிகள் அவளைக் கண்டால் பாதிக் கும்பிடு போட்டுவிட்டு, யாரென்று தெரிந்ததும் கையைக் கீழே போடுவார்கள்.

அவளுக்கு ஒரே மகள், கனகா. எனக்குத் தங்கச்சி முறை. ஏழாவது முடித்தபோது அவளுக்கு வாய் நிறைய பாஷை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், தோழி முபீனாவோடு உருது, பெயின்ட் வேலைக்கு வந்த ஒடியாக்காரர்களின் பிள்ளைகளோடு அவர்கள் பாஷை, கல் உடைக்கிறவர்களின் பிள்ளைகளோடு தெலுங்கு. சரளமாகப் பேசுவாள் என்று சொல்ல வரவில்லை. சரளமாகத் திட்டுவாள்.

இதெல்லாம் அவள் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் கற்றது. நானும் அங்கேதான் படித்தேன், அல்லது உட்கார்ந்தேன். அங்கே மத்தியானம் போடுகிற தாளித்த மஞ்சள் சோற்றை வைத்து நான் அதற்கு வைத்த பெயர் சித்ரான்ன ஸ்கூல். எல்லாம் கலந்திருக்கும், மஞ்சளாக இருக்கும், வயிறு நிறைந்தமாதிரியும் இருக்கும், நிறையாதமாதிரியும் இருக்கும். முட்டை நாளில் முட்டை சாப்பிடாதவன் வாழைப்பழத்தை வாங்கி முட்டைக்காரனிடம் மாற்றி, அதை இன்னொருத்தனிடம் பென்சிலுக்கு மாற்றுவான். ரம்ஜான் மாசத்தில் முபீனாவின் பங்கைக் கனகா சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பதிலாக அவளுக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுப்பாள். யாரும் யாரையும் விசித்திரமாகப் பார்த்ததில்லை. எல்லாருமே விசித்திரம்.

ஆனால் கணக்கு டீச்சர் இல்லை. இருந்தவர் மாற்றலாகிப் போய், அடுத்தவர் வரவே இல்லை. விளையாட்டு வாத்தியார்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். வாய்ப்பாடு தப்பினால் விசில் ஊதுவார்.

இன்னொரு பள்ளிக்கூடம் ஊருக்குள் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். அதுவும் சர்க்கார் பள்ளிக்கூடம்தான், ஆனால் இங்கிலீஷ் மீடியம், எட்டாவதில் சேர ஒரு பரீட்சை வைப்பார்கள். மதில்மேல் பெரிய பலகை: எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி, நூறு சதவீதம். எங்கள் சந்தில் அதற்குப் பெயரே நூறு ஸ்கூல். ஆபீஸ் பியூன், பேங்க் டிரைவர், கடை வைத்திருப்பவர் என்று ஒரு படி மேலே நிற்பவர்களின் பிள்ளைகள் அங்கே. கனகா விளையாட்டாகப் பரீட்சை எழுதினாள், இடம் கிடைத்துவிட்டது. அன்றைக்குத் தொடங்கியது வீட்டில் சண்டை.

சித்தப்பாவுக்கு அவள் இங்கேயே படிக்க வேண்டும். அங்கே நம்ம புள்ளை தனி ஒருத்தியாக நிற்க வேண்டும், இங்கே கூட்டத்தோடு நிற்கிறாள் என்பது அவர் கட்சி. சாரத்தில் ஏறியவர் பேச்சு அது. பக்கத்தில் ஆள் இல்லாமல் உயரம் போகக்கூடாது என்பார்.

"கூட்டத்தோட நிக்கறதெல்லாஞ் செரி, நின்னு எங்க போறா?" என்றாள் சின்னம்மா. "இவனும் அங்கதான நின்னான்?"

கையை என் பக்கம் நீட்டினாள். நான் தலையைச் சீவிக்கொண்டிருந்தேன். நூறு ஸ்கூலுக்கு மதில்மேல் பலகை. சித்ரான்ன ஸ்கூலுக்கு நான்.

விஷயம் தெரிந்து உமாதேவி மிஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. நான் அவர் மேஜை டிராயரில் தவளை விட்டபோதுகூட என்னை அடிக்காமல், அதன் பாகங்களைப் படம் வரையச் சொன்னவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கனகா போனால் அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் போவார்கள், எண்ணிக்கை குறைந்தது என்று பள்ளியை மூடிவிடுவார்கள் என்றார். கனகாவாவது எங்கேயாவது படிப்பாள்; முபீனா மாதிரிப் பிள்ளைகள் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பப்பட மாட்டார்கள், வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாரும் கலந்து படித்தால்தான் பிள்ளைகளுக்கு உலகம் தெரியும் என்றும் சொன்னார். அவர் பேசியதும் சின்னம்மா பேசியதும் கன்னடத்தில். நான் எங்கள் தமிழில் சொல்கிறேன்.

சின்னம்மா டீ கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"கணக்கு டீச்சர் எப்ப வருவாங்க மிஸ்?"

எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார்.

"உங்க பொண்ணு எங்கீங்க மிஸ் படிக்குது?"

மிஸ் ஒரு கான்வென்ட்டின் பெயரைச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் பேச்சை மாற்றியிருப்பார்கள். அவர் மாற்றவில்லை, டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாருங் கலந்து படிக்கோணும்ங்கறது நல்லதுதானுங்க மிஸ்" என்றாள் சின்னம்மா. கோபமே இல்லாமல், பத்தி கட்டுகிற மாதிரி நிதானமாக. "ஆனா கலக்கறதுக்கு எப்பவும் எங்க புள்ளைகளத்தான் கேக்கறீங்க."

மிஸ் போன பிறகு சின்னம்மா அந்த டம்ளரை வெகுநேரம் தேய்த்தாள். சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். மிஸ் சொன்னதும் சரி என்பது அதைவிட நன்றாகத் தெரியும். முபீனா அன்றைக்கு மத்தியானம்கூட எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள்.

சித்தப்பா இறங்கி வரவில்லை. கடைசியில், அம்மனிடம் கேட்டுவிடலாம் என்றாள் சின்னம்மா. அதற்கு அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. வெள்ளை வந்தால் நூறு ஸ்கூல், சிவப்பு வந்தால் இங்கேயே.

வெள்ளிக்கிழமை சந்து முனை மாரியம்மன் கோவிலில் பூ கேட்டோம். பக்கத்து வீட்டு ஹேமந்த், அப்போதுதான் பேச்சு வந்த பொடியன், ஒரு பொட்டலத்தை எடுத்து முதலில் வாயில் வைத்தான். பிடுங்கிப் பிரித்தார்கள். வெள்ளை. சித்தப்பா மடங்குகிற கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மனே சொல்லிவிட்டாள், இனி என்ன என்று அவர் முகமே தெளிந்துவிட்டது.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, அப்படியே தண்ணீரில் போட வேண்டும் என்பது வழக்கம். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பிரிக்கக்கூடாது என்று என்னிடம் ஒன்றைக் கொடுப்பதும், குரங்கிடம் தேங்காயைக் கொடுத்து உடைக்காதே என்பதும் ஒன்று. கோவில் கிணற்றடியில் பிரித்தேன்.

அதிலும் வெள்ளை.

சந்தில் என்னைவிடப் பெரிய போக்கிரி ஒருத்தி இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பூவைக் கிணற்றில் கொட்டிவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவன்போல் பொங்கல் வாங்கித் தின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. யாரிடமும் நான் சொல்லவில்லை. எனக்கு அது லேசான காரியம் இல்லை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நூறு ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை மறைக்கக்கூடாது. கணக்குக்கு என்றே ஒரு சார், அறிவியலுக்கு என்றே ஒரு அறை. எக்ஸ் என்றால் ஒளிந்துகொண்டிருக்கிற ஒரு எண், அவ்வளவுதான், அதைப் பிடிக்க வேண்டும் என்று கனகா எனக்கு ஒருநாள் விளக்கினாள். ஒன்பது வருஷம் பள்ளியில் உட்கார்ந்தும் அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே அதைப் பிடித்திருப்பேன், ஒளிகிறவர்களைப் பிடிப்பது எனக்குக் கைவந்த கலை.

ஆனால் அவளுடைய வாய் குறைந்துகொண்டே வந்தது. முதலில் உருது போனது, பேச ஆள் இல்லை. தெலுங்கு போனது. காவிரித் தகராறு வந்த மாசத்தில் யாரோ அவளைக் கொங்க என்றார்கள். தமிழர்களை இங்கே திட்டுகிற சொல் அது. சித்ரான்ன ஸ்கூலாக இருந்தால் ஐந்து பாஷையில் பதில் கிடைத்திருக்கும். அங்கே அவள் சிரித்து வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் நான் தமிழில் கூப்பிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வகுப்பில் புரியாததைக் கேட்பதையும் விட்டுவிட்டாள். கேட்பதற்கு வாயைத் திறந்தாக வேண்டுமே.

அவளுக்கு அங்கே வைத்த பெயர் பூஜை ரூம். சீருடையில் பத்தி வாசனை. பெற்றோர் கூட்டத்துக்குச் சின்னம்மா கம்பெனியிலிருந்து நேராகப் போய்விட்டாள். வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்ததாம். மறுநாளிலிருந்து கனகா தன் துணியைத் தனியாக, வெளிக் குழாயில், வேறு சோப்பில் துவைத்துத் தெருக்கோடியில் காயப்போட்டாள். சின்னம்மா அதைப் பார்த்தாள். அந்த வாரத்திலிருந்து வேலைச் சேலையைக் கம்பெனியிலேயே மாட்டிவிட்டு, வேறு சேலை கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் மிஸ் சொன்னது அப்படியே நடந்தது. கனகாவைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். சித்ரான்ன ஸ்கூலை ரிங் ரோடு தாண்டி இருக்கிற இன்னொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். அந்த ரோட்டில் ஓடுகிற லாரிகளுக்கு நடுவே பெண்பிள்ளையை அனுப்ப முபீனாவின் வாப்பாவுக்கு மனசில்லை. அவள் வீட்டோடு இருந்து தம்பிகளைப் பார்த்துக்கொண்டு பத்தி உருட்டினாள். உருட்டியதை அவள் அம்மா கம்பெனியில் கொடுக்க வரும்போது கூடவே வருவாள். கை மணிக்கட்டு வரை கருப்பு. வாரா வாரம் சின்னம்மாதான் அந்தப் பத்தியை எடை போட்டு வாங்குவது.

"கனகா நல்லா படிக்கறாளா ஆன்ட்டி?" என்று கேட்பாளாம் முபீனா, எங்கள் வீட்டுத் தமிழில்.

படிக்கிறாள் கண்ணு என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்ப்பாளாம் சின்னம்மா.

ஒன்பதாவது முடிகிற சமயம் நூறு ஸ்கூலில் கூப்பிட்டு அனுப்பினார்கள். சின்னம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் துணையாக நானும் போனேன். ஹெட்மாஸ்டர் மரியாதையானவர், நாற்காலி போடச் சொன்னார், என்னைக்கூட உட்காரச் சொன்னார். தங்கமான பெண், சத்தமே தெரியாது என்று அவளைப் பாராட்டினார். பிறகு, பத்தாவது கஷ்டம் என்றார். டி.சி. வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்தே படித்துத் தனித்தேர்வராக எழுதினால் பெண்ணுக்கும் பாரம் இருக்காது என்றார்.

"பெயிலாயிட்டாளுங்களா சார்?" என்றாள் சின்னம்மா.

"இல்லம்மா. ஆயிடக் கூடாதேன்னுதான்."

ஜன்னலுக்கு வெளியே அந்தப் பலகையின் பின்பக்கம் தெரிந்தது. அந்த நூறு எப்படி வந்தது என்று அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் புரிந்தது. அதை முதலிலேயே கண்டுபிடிக்க எங்களில் யாராவது அங்கே படித்திருக்க வேண்டும். சித்தப்பா கையெழுத்துப் போட்டார். கனகா வெளியே வேப்பமரத்தடியில், பையைக் கீழே வைக்காமல் நின்றிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் திரும்பிப் போய், மதிலில் ஏறி, கடைசிச் சைபரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். பத்து சதவீதம் என்று நின்றது. மறுநாளே புதுப் பெயின்ட் அடித்து, முன்பைவிடப் பெரிதாக எழுதிவிட்டார்கள்.

திரும்பிப் போகப் பழைய பள்ளி இல்லை. ரிங் ரோட்டுப் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் இல்லை, பத்தாவதில் புதிதாகச் சேர்க்கவும் அவர்கள் தயங்கினார்கள். சந்தில் எல்லாரும் ஆறுதல் சொன்னது ஒரே மாதிரி: அம்மன் காட்டிய வழிதானே, அம்மனே பார்த்துக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் சின்னம்மா முகத்தில் ஒரு பிடி மண் விழுகிறமாதிரி இருக்கும். சோறு குறைந்தது, பேச்சு குறைந்தது. மகளைப் போலவே ஆகிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் பூ கேட்டுவிடலாம் என்று சொன்னது சித்தப்பா. வெள்ளை வந்தால் கனகா வீட்டிலிருந்து படித்துப் பத்தாவது எழுதட்டும். சிவப்பு வந்தால் அவளும் பத்தி உருட்டட்டும், காலாகாலத்தில் ஒரு இடம் பார்க்கலாம்.

சின்னம்மா மறுப்பாள் என்று நினைத்தேன். சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வாசலில் உட்கார்ந்து பொட்டலம் மடிப்பதைப் பார்த்தேன். இரண்டு வெள்ளை வைப்பாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றில் வெள்ளை வைத்தாள், ஒன்றில் சிவப்பு. உண்மையாகவே கேட்கப் போகிறாள். எங்கள் வீட்டில் நான் பார்த்து பயந்த முதல் நேர்மை அதுதான்.

நூல் சுற்றித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கொல்லைப்பக்கம் வெள்ளரளிச் செடி எங்கே இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஹேமந்த் இப்போது வளர்ந்துவிட்டதால் அவன் தங்கச்சிப் பாப்பாவைத் தூக்கி வந்தார்கள். அவள் எதை எடுத்தாலும் எனக்குக் கவலை இல்லை.

வெள்ளை வந்தது. சித்தப்பா கண் கலங்கிவிட்டார். கனகா யாரோ ஒருத்தியின் விஷயம்போலப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

எடுக்காத பொட்டலத்துக்கு நான் கை நீட்டினேன்.

"குடு. இந்தத் தடவ நாம் போடறேன்" என்றாள் சின்னம்மா.

பின்னாலேயே ஓடினேன். கிணற்றடியில் அவள் நூலைப் பிரித்துவிட்டாள். உள்ளங்கையில் வெள்ளைப்பூ. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஓட எனக்கு இடம் இருக்கவில்லை.

"அன்னைக்கும் நீதான கொண்டு போன."

ஆமாம் என்றேன்.

"பிரிச்சயா?"

"நான் எதைத்தான் பிரிக்காம உட்டுருக்கறன் சின்னம்மா."

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். பூவைக் கீழே போடாமல் பிடித்திருந்தாள். சுற்றிலும் ஆள் இல்லை.

"நேத்தெல்லாம் நெனச்சனடா" என்றாள். "செவப்பு வரோணும்னு. வந்தா எம் பொய்யி தீந்துரும்னு. முபீனா கையாட்டம் அவ கையுங் கருப்பாவட்டும், எனக்குப் பாரம் எறங்கட்டும்னு நெனச்சன். பெத்தவ நெனைக்கறதாடா இது?"

கேன் தூக்குகிற தோளை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன், வேண்டுமானால் சாய்ந்துகொள்ளட்டும் என்று. அவள் சாயவில்லை. ஆனால் நகரச் சொல்லவும் இல்லை.

"அப்ப அம்மங்கிட்ட நாம இன்னும் ஒண்ணுமே கேக்கல" என்றாள். "எல்லாம் நாமளே சொல்லிக்கிட்டது. அவ மேல போட முடியாது."

பூவைத் தண்ணீரில் விட்டாள். எழுந்து போனாள்.

இப்போது கனகா வீட்டிலிருந்து படிக்கிறாள். உமாதேவி மிஸ் ரிங் ரோட்டுப் பள்ளியிலிருந்து வந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார். சின்னம்மா டீ கொடுத்தாள். கணக்கு ஓடுகிறது, அறிவியலும் சமூகமும் தடுக்கி விழுகின்றன. தேறுவாளா என்று தெரியாது. தேறினாலும் எந்தப் பலகையிலும் ஏறப்போவதில்லை.

சின்னம்மா முபீனாவின் வீட்டுக்கும் போய்க் கேட்டாள். பரீட்சை எழுத வேண்டாம், கனகாவுக்குத் துணையாக உட்கார்ந்தால் போதும் என்றாள். வேலை நிற்காது என்றால் சரி என்றார் வாப்பா. அதனால் மத்தியானத்தில் முபீனா உருட்டுகிற பலகையையும் பத்தி மாவையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். தைலம் படாத மாவுதான், ஆனாலும் வீடு முழுக்க மறுபடியும் பத்தி வாசனை.

நேற்று கேன் இறக்கிவிட்டு வரும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கனகா இங்கிலீஷில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். முபீனா குச்சியை மாவில் வைத்து உருட்டிக்கொண்டே, அது என்ன, எனக்குப் புரியலை என்றாள். கனகா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். தனக்கும் புரியவில்லை என்று தமிழில் சொன்னாள். பிறகு அந்தப் புத்தகத்தை எழுதியவனை உருதுவில் ஒரு வார்த்தை திட்டினாள்.

அடுப்படியில் சின்னம்மா கையில் கரண்டியோடு அசையாமல் நின்று, அடுத்த வார்த்தை வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.